மூன்றரையிலிருந்து நாலுக்கு

என் சித்தப்பாவைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால், மனிதர் கணக்கில் புலி. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. குவைத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டுக் கீரமங்கலத்துக்குத் திரும்பியவர். அங்கே இருந்த காலமெல்லாம் சம்பளம் வாங்கியதும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார். நம் ரூபாய் இன்னும் இறங்கட்டும், தினாருக்குக் கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்று பணத்தைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். இங்கே சித்தி கடனுக்கு அரிசி வாங்கிக்கொண்டிருப்பாள். ஊருக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. பல் விளக்குவதற்கு முன்னால் போனில் ரேட்டுப் பார்ப்பார். மாற்றுவதற்குக் கையில் ஒரு தினார்கூட இல்லை என்பது வேறு விஷயம்.

இந்த மனிதரிடம்தான் என் தம்பியை மீட்கிற பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

புயலில் தென்னை விழுந்த பிறகு தம்பி ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட் வேலைக்குப் போனான். கூலி போதவில்லை என்று போட்டில் ஏறினான். எல்லை தாண்டினார்கள் என்று இலங்கை நேவி பிடித்துக்கொண்டுபோய், ஆறு பேரையும் யாழ்ப்பாணத்து ஜெயிலில் வைத்தது. ஆளுக்கு இரண்டு லட்சம் அபராதம், அவர்கள் ரூபாயில். கட்டாவிட்டால் ஆறு மாதம் உள்ளே. வழக்கமாக போட்டு முதலாளி கட்டிவிடுவார். இந்தத் தடவை போட்டே பறிபோனதால் அவர் கையை விரித்துவிட்டார். பூ மார்க்கெட்டில் எடை போடுகிற நான் சங்கிலியை அடகு வைத்து அறுபதாயிரம் புரட்டினேன். குவைத்தில் சித்தப்பாவோடு ஒரே ரூமில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் அங்கே கோர்ட்டில் கட்டித் தருவதாகச் சொன்னார். பணத்தை அவருக்கு அனுப்ப வேண்டியது மட்டும்தான் சித்தப்பாவின் வேலை.

அவர் அனுப்பவில்லை. என்னை உட்காரவைத்துச் சரித்திரம் சொன்னார். ஒரு காலத்தில் அவர்கள் ரூபாயும் நம் ரூபாயும் சரிக்குச் சரியாம். பிறகு நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் இரண்டு என்றாகி, வருஷக்கணக்காக அதை ஒட்டியே நின்றதாம். அவர்கள் நாடு நொடித்துப் போய், ஜனங்கள் பெட்ரோலுக்கு வரிசையில் நின்றபோது நாலரையைத் தாண்டியதாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. எவன் வீட்டில் இழவு விழுந்தால் இவருக்கென்ன, ரேட்டு நல்ல ரேட்டு. அப்புறம் அவர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள், இப்போது மூன்றரைதான் என்று வருத்தப்பட்டார்.

“கொஞ்ச நாள் பொறும்மா, நாலு வந்துரும். ஏழாயிரம் மிச்சமாகும். ஒனக்கு ஏழாயிரம்னா சும்மாவா?” என்றார்.

சும்மா இல்லைதான். அடகுக் கடையில் பாதி வட்டி அடைந்துவிடும். நானும் சரியென்று தலையாட்டினேன். காலையில் பறித்த மல்லிகையை நாளைக்கு விலை ஏறும் என்று எவளாவது பொத்தி வைப்பாளா? பத்து வருஷமாகப் பூவோடு கிடக்கிற எனக்கு அது தெரியாதா? தெரிந்தும் ஆட்டினேன்.

மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் அந்த வாரமே கட்டிவிட்டார்கள். ஐந்து பேரும் ப்ளேனில் சென்னை வந்து, வேனில் ஜெகதாப்பட்டினத்தில் இறங்கினார்கள். என் தம்பி இல்லாத வேன். அன்றைக்கே சித்தப்பா வீட்டுக்கு ஓடினேன். மூன்று ஐம்பத்திரண்டு என்றார். மறுநாள் மூன்று நாற்பத்தொன்பது. இறங்கினால் ஏறத்தானே செய்யும் என்றார். எச்சில் கையால் காக்கை விரட்டாதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அடுத்தவன் கையையும் பிடித்து நிறுத்துகிற கஞ்சனை எங்கள் குடும்பத்தில்தான் பார்த்தேன். கடைசியில் ஒருநாள் அவர் வாசலில் நின்று தெருவே கேட்கும்படி கத்தினேன். மானத்துக்குப் பயந்து அனுப்பினார். அன்றைக்கு ரேட்டு மூன்று அறுபது. மற்றவர்கள் வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

தம்பி வந்த அன்று சாயங்காலம் சித்தப்பாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார். மிச்சப் பணத்தை என் கையில் எண்ணி வைத்துவிட்டு, அவசரப்பட்டிருந்தால் இதில் ஆயிரத்து அறுநூறு போயிருக்கும் என்றார். பெருமை தாங்கவில்லை. தம்பி உடம்பெல்லாம் சொறியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்ன ஏதென்று கேட்டான். சித்தப்பா ரேட்டுக்குக் காத்திருந்த கதையைச் சொன்னார்.

தம்பி கோபப்படவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“அஞ்சு பேரையும் கூப்பிட்டப்ப நானும் போர்வையை மடிச்சு வச்சுட்டு எந்திரிச்சேன்க்கா. ஒனக்கு இல்லைன்னாங்க. அப்புறம் தெனமும் குளிச்சுச் சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். வீட்டுல விட்டுட்டாங்கன்னே நெனச்சுட்டேன்.”

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். “ஒனக்கும் தெரியுமாக்கா, இப்புடி நிறுத்தி வச்சிருந்தது?”

“தெரியாதுடா” என்றேன்.

சித்தப்பா பக்கத்திலேயே நின்றார். ஒரு வார்த்தை போதும், என் மானம் கப்பலேறியிருக்கும். அவர் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். “அவளுக்கென்னப்பா தெரியும், எல்லாம் நான் பண்ணுனதுதான்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

இன்றைக்கும் அந்த ஆளை எனக்குக் கண்டாலே ஆகாது. முன்னைவிட இப்போது அதிகம்.