வத்தல்மலையில் கோதுமை போட்ட பாய்

கம்பைநல்லூர் பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் வேளாண்மை அலுவலக வாசலில் இறங்கி, “பாய் தவறிட்டாருங்க. சாயங்காலம் அடக்கம்” என்று சொல்லிவிட்டுப் போனார். பாய் என்றால் எங்களுக்கு ஒருவர்தான்: வயல் உதவியாளர் இப்ராஹிம் அவர்கள். கையிலிருந்த டீயை நான் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அதை நினைத்தால் என் மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

வாழைத்தோட்டத்து ஈரமண்ணில் மண்புழு பொறுக்கி வந்து சாணத்திலும் சருகிலும் வளர்ப்பார். அந்த எருவோடு வேப்பம்புண்ணாக்கும் அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரமும் கலந்து ஊட்டமேற்றுவார். ‘புழு பாய்’ என்று கிண்டல் செய்வோம். “புழுவுக்குச் சம்பளம் இல்லீங்க சார், ஆனா லீவும் போடாது” என்பார்.

மழை பொய்த்த அந்த வருடம், வத்தல்மலைக் குளிரில் கோதுமை போட்டுப் பார்க்க உத்தரவு வந்தது. குப்பம்மாள் என்ற விவசாயி கால் ஏக்கர் கொடுத்தார். பாதிக்குக் கடை உரம், பாதிக்குப் பாயின் எரு. எரு மூட்டைகளைப் பாய் தலையில் சுமந்தே மலையேறினார். இரண்டு தண்ணீரோடு கிணறு வற்றிவிட்டது. கடை உரம் போட்ட பாதி கருகியது. பாயின் பாதி பச்சையாக நின்றது, கதிரும் விட்டது. நானே போய்ப் பார்த்தேன். மகசூலைக் காட்டினால் மலை முழுக்க எருக்குழி வெட்ட அனுமதி கிடைக்கும். பாய் அதற்காகத்தான் காத்திருந்தார்.

அறுவடைக்கு முன்பு நாங்கள் போனபோது வயலில் ஒரு கோதுமைத் தாள்கூட இல்லை. குப்பம்மாள் தலைகுனிந்து நின்றார்.

“கன்னு போட்ட மாடுங்க சார். நாலு நாளா திங்க ஒண்ணுமில்ல. மலையில இங்க மட்டுந்தான் பச்ச இருந்துச்சு. நாந்தான் அவுத்து வுட்டேனுங்க.”

நான் கத்தப் போனேன். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்க வூட்டு மாடா இருந்தா நானும் அவுத்துதாம்மா வுட்டிருப்பேன்” என்றார்.

மலையிறங்கும்போது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “கருகாம நின்னுச்சுன்னு ஒரு வரி எழுதிடுங்க சார். அது போதும்.”

அறிக்கைப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. மகசூல் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஓரத்தில் எழுதியிருக்கலாம். மேலதிகாரி கேள்வி கேட்பாரே என்ற பயம். அந்த அறிக்கையைப் பார்த்து, இருந்த எருக்குழிகளையும் மூடச் சொன்னார்கள். பாய் தன் கையாலேயே மண்ணைத் தள்ளினார். அந்த மாடும் பிழைக்கவில்லை. மறுவருடமும் வானம் கைவிட்டது. குப்பம்மாள் குடும்பத்தோடு பெங்களூருக்குக் கல் உடைக்கப் போய்விட்டார். பாய் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

கபர்ஸ்தானில் கடப்பாரை போட்டுத்தான் குழி வெட்டியிருந்தார்கள். அத்தனை வறட்சி. நானும் மூன்று பிடி மண் போட்டேன். அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

பாய், உங்கள் கோதுமை கருகாமல்தான் நின்றது. நான் கண்ணால் பார்த்தேன். எழுத வேண்டிய நாளில் எழுதாமல், நீங்கள் படிக்க முடியாத நாளில் எழுதுகிறேன். போய் வாருங்கள்.