எட்டுக் கடைக்கு ஒரே ஆள்

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு நாக்கு உலரும். எனக்கு வாய் ஓயாது. அந்தமானில் நான் அடித்த நல்ல ஜோக்குகளில் பெரும்பாலானவை வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு அடித்தவை. கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் கக்கூஸ் பக்கம் ஒரு கண் வைத்திருந்தேன்.

அறுபதுகளின் நடுவில் போர்ட் பிளேரில் எங்கள் கட்டிடம் எழுந்தது. இந்தப் பக்கம் நாலு கடை, எதிர்ப்பக்கம் நாலு கடை, நடுவில் மாட்டுவண்டி போகிற அகலத்தில் ஒரு நடை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரே தகரக் கூரை. இன்றைக்கு யாரிடமாவது சொன்னால் "இதுக்கா இவ்வளவு பீத்திக்கிறே?" என்பார்கள். அதற்கு முன்னால் எங்கள் ஊரில் ஒரு சேலையும் ஒரு சட்டியும் வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர இரண்டு தடவை நனைய வேண்டும். வருஷத்தில் பாதிக்கு மேல் மழை பெய்கிற தீவில், நனையாமல் எட்டுக் கடை ஏறி இறங்கலாம் என்றால் அது சொர்க்கமில்லாமல் வேறென்ன? பெங்காலி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், நம்மாட்கள் எல்லாருமே 'பெரிய கூரை' என்று தங்கள் தங்கள் வாய்க்கு வந்த இந்தியில் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

என் கடை பாத்திரக் கடை. அலுமினியச் சட்டி, பீங்கான் பூசிய தட்டு, அரிக்கேன் விளக்கு, கொஞ்சம் குடை. எதிர்க்கடை ஜவுளி, கீழக்கரைப் பக்கத்து பாய் ஒருவருடையது. அவர் மெட்ராஸிலிருந்து ஆள் உயரக் கண்ணாடி ஒன்றைக் கப்பலில் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தியிருந்தார். தங்கள் முகத்தைக் கையகலக் கண்ணாடியில் மட்டும் பார்த்திருந்த சனங்கள், கால் பெருவிரல் வரைக்கும் தங்களைப் பார்க்க சிப்பிகாட், புரோத்ராபூர் மாதிரிக் கிராமங்களிலிருந்து தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தார்கள். கப்பல் வந்த வாரங்களில் கண்ணாடிக்கு வரிசை நிற்கும். வரிசையில் நிற்பவர்கள் சும்மா நிற்க முடியாமல் திரும்பிப் பார்த்தால் எதிரே என் சட்டிகள். பாயின் கண்ணாடியை வைத்து நான் பிழைத்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

அப்புறம் பஸ் வந்தது. கிராமங்களுக்கு ஒழுங்காக பஸ் ஓட ஆரம்பித்த அன்றைக்கு, எட்டுக் கடைக்காரர்களும் சேர்ந்து அதற்கு மாலை போட்டோம். கண்டக்டருக்கு லட்டு கொடுத்தோம். இனிமேல் சனங்கள் நடக்க வேண்டாம், லாரியில் தொற்ற வேண்டாம், ஜம்மென்று வந்து இறங்குவார்கள் என்று கணக்குப் போட்டோம். வருகிற பஸ் திரும்பிப் போகவும் செய்யும் என்பது எங்களில் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை. முதலில் மளிகைக்காரர், மூட்டைகளை பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு புரோத்ராபூர் நிறுத்தத்தில் கடை போட்டார். அப்புறம் செருப்புக் கடை. அப்புறம் மற்றவர்கள். நாங்கள் மாலை போட்ட அதே பஸ், எங்கள் பஜாரைக் கடை கடையாகக் கழற்றிக்கொண்டு போனது.

போகிறவர்கள் எல்லாரும் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். கட்டிடத்தின் முதலாளி, அரசாங்கக் கட்டிடங்கள் கட்டிச் சம்பாதித்த ஒரு கான்ட்ராக்டர், பெண் கல்யாணத்துக்காக மெயின்லேண்ட் போயிருந்தார். வந்ததும் அவரிடம் ஒப்படைக்க வேண்டும். கடைசியாகப் பாயும் வந்தார்.

"மச்சான், நீ மட்டும் எதுக்கு இங்க பேய் காக்கறே? பத்துபஸ்தி நிறுத்தத்துல எனக்குப் பக்கத்துலயே இடம் இருக்கு. வா."

"நான் போனா கூரை விழுந்துடும் பாய். நான்தான் தாங்கிக்கிட்டிருக்கேன்."

அவர் சிரித்தார். கண்ணாடியை பஸ்ஸில் ஏற்ற முடியாது, நீயே வைத்துக்கொள் என்றார். அவர் முதுகு மறைந்ததும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். கால் பெருவிரல் வரைக்கும் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு ஆள் தெரிந்தான்.

நடுக்கத்துக்குக் காரணம் உண்டு. முதலாளி கடை கொடுத்த நாளிலேயே எல்லாரையும் நிற்கவைத்துச் சொல்லியிருந்தார்: "பஜாரா நடந்தா பஜார். பாதிக் கடைக்கு மேல பூட்டுத் தொங்கினா, குடோனாக்கி சிமெண்ட் மூட்டை அடுக்கிடுவேன். அப்புறம் வந்து அழக் கூடாது." கடை போனால் எனக்குத் தெரிந்த ஒரே வழி கப்பல் ஏறி, பரமக்குடியில் அண்ணனின் அரிசிக் கடைக்குத் திரும்புவது. அங்கே மூட்டை தைக்கிற ஆளாக இருந்துதான் வீராப்பாகக் கிளம்பி வந்திருந்தேன். "மூணு மாசம் தாங்குறானா பாரு" என்று அண்ணன் கடைத்தெருவில் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் தாங்கியாகிவிட்டது. ஆனால் நான் எப்போது திரும்பினாலும் அண்ணன் "பார்த்தியா, சொன்னேன்ல" என்றுதான் ஆரம்பிப்பார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்காமலிருக்க நான் செத்துக்கூடப் போயிருப்பேன்.

முதலாளி அடுத்த கப்பலில் வருகிறார் என்று சேதி வந்தது. என் மூளை பயத்தில் மட்டும்தான் வேகமாக ஓடும். ஏழு பூட்டையும் திறந்தேன். என் சரக்கை எட்டாகப் பிரித்தேன். ஒரு கடையில் சட்டி, ஒரு கடையில் தட்டு, ஒரு கடையில் விளக்கு. சரக்குப் போதாத இடத்தில் மூடிகளை மட்டும் அடுக்கி அதையும் ஒரு கடை ஆக்கினேன். பாயின் கண்ணாடியை நடையின் கோடியில் நிறுத்தினேன். நுழைகிறவன் கண்ணுக்கு எட்டுக் கடை பதினாறாகத் தெரியும்.

சோறு கொண்டுவந்த என் மனைவி நடையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"ஒரு கடைய நடத்தத் தெரியாத மனுஷன் எட்டுக் கடை தொறந்திருக்காரு."

"கிளைகள்டி."

"எட்டுக் கிளைக்கும் ஒரே குரங்கு" என்றாள். சோற்றை எந்தக் கடையில் வைக்கட்டும் என்று வேறு கேட்டாள்.

இன்னொன்றும் செய்தேன். குடைகளை எடுத்து ஒளித்துவைத்தேன். காரணம் இதுதான். அந்தக் கடைசி மாதங்களில் கூரைக்குக் கீழே யாராவது வந்தார்கள் என்றால் மழைக்கு ஒதுங்கத்தான் வந்தார்கள். சட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள், கண் மட்டும் வெளியே வானத்தில் இருக்கும். தூறல் நின்றதும் ஒரே நேரத்தில் கலைந்துவிடுவார்கள். அவர்களிடம் குடையை விற்றால் மழையிலேயே போய்விடுவார்களே! கூட்டம் வேண்டுமே எனக்கு! மழைக்கு ஒதுங்குகிறவனிடம் குடை விற்கக் கூடாது என்று முடிவு செய்த ஒரே வியாபாரி இந்தப் பூமியில் நானாகத்தான் இருப்பேன்.

முதலாளி வந்த அன்று மழை என் கட்சியில் இருந்தது. அப்படி ஒரு மழை. ஆபீஸ்காரர்கள், கப்பலிலிருந்து இறங்கியவர்கள், காய்கறிக் கூடைக்காரர்கள் எல்லாரும் கூரைக்குள் ஓடிவந்து நிரம்பினார்கள். தகரத்தில் விழுகிற சத்தத்தில் பேச்சே கேட்காது. அதனால் எல்லாரும் கத்தினார்கள், அது பேரம் மாதிரியே இருந்தது. முதலாளி நுழைந்தார். கூட்டத்தைப் பார்த்தார். கண்ணாடியில் அதைவிடப் பெரிய கூட்டத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. என் தோளில் தட்டிவிட்டு நடை ஓரமாகக் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். எனக்கு உயிர் வந்தது.

அந்த உயிரை வாங்க சிப்பிகாட்டிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தாள். அங்கே காய்கறி போடுகிறவள். அந்தக் கூட்டத்திலேயே நிஜமாகவே வாங்க வந்தவள் அவள் ஒருத்திதான். நெல் அவிக்க ஒரு பெரிய சட்டி வேண்டும். என் சொந்தக் கடையில் விலை கேட்டாள். சொன்னேன்.

"பஹுத் ஜாஸ்தி அண்ணே, ரொம்ப அதிகம். நான் பக்கத்துக் கடையில பார்க்கறேன்."

பக்கத்துக் கடையில் ஆள் இல்லை என்று முதலாளிக்குத் தெரிந்தால் தொலைந்தேன். பின்வாசல் வழியாக மழையில் ஓடி, பக்கத்துக் கடைக்குள் நுழைந்து, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்தக் கடைக்காரரு உங்க தம்பியா?"

"சொந்தமே இல்லம்மா. அவன் கொள்ளைக்காரன். அவன்கிட்டயா போனீங்க?"

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் புரியவில்லை. பயத்தில் வாய் தானாக ஓடியது. அதோடு நிற்காமல் விலையையும் குறைத்துவிட்டது. அவள் விடவில்லை. "டீக் ஹை, சரி, அடுத்த கடையையும் ஒரு எட்டு பார்த்துடறேன்" என்றாள். மறுபடி பின்வாசல், மறுபடி மழை. மூன்றாவது கடையில் நான் சொட்டச் சொட்ட நின்று, முதல் இரண்டு பேரையும் திட்டினேன். ஊரிலேயே நாணயமான ஆள் நான் ஒருவன்தான் என்றேன். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் அஞ்சு கடை இருக்கே அண்ணே. மூச்சு வாங்குதே உங்களுக்கு. இங்கயே முடிச்சுக்கலாமா?"

நான் மெட்ராஸில் வாங்கின விலைக்கும் கீழே முடிந்தது. என்னோடு போட்டி போட்டு என்னைத் தோற்கடித்தவன் நான்தான்.

அந்த நேரம் பார்த்து மழை நின்றது. தகரம் மௌனமானது. ஒருவர், இருவர் என்றில்லை. நடையே ஒரே மூச்சில் காலியாயிற்று. கண்ணாடியில் பதினாறு கடை, ஒரு கான்ட்ராக்டர், சட்டியோடு ஒரு அம்மாள், நனைந்த கோழி மாதிரி ஒரு ஆள்.

முதலாளி எழுந்து ஒவ்வொரு கடையாக எட்டிப் பார்த்தார். மூடிக் கடைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"சட்டி எல்லாம் எங்க தம்பி, மூடி மட்டும் விக்கிறே?"

"அது... மூடி ஸ்பெஷல் கடைங்க."

"இந்த ஓட்டத்த உன் சொந்தக் கடைக்கு ஓடியிருந்தா பொழைச்சிருப்பே" என்றார். அப்புறம் மெதுவாக, "சாவியக் குடு. சிமெண்ட் அடுத்த கப்பல்ல வருது."

எட்டுச் சாவியையும் இடுப்பிலிருந்து எடுக்க எனக்கு நேரம் பிடித்தது. அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை: "எட்டுக் கடைக்காரங்களும் ஒண்ணா காலி பண்றோம்ங்க, ரொம்ப ஒத்துமை." யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் மட்டும் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இப்ப எங்க போவீங்க?"

"கப்பல் இருக்கே" என்றேன். சொல்லும்போதே அண்ணன் முகம் தெரிந்தது.

"கப்பலுக்கு எதுக்கு? சிப்பிகாட்டுல பாத்திரக் கடையே கிடையாது. பஸ் பைசா குடுத்து நான் இவ்வளவு தூரம் எதுக்கு வந்தேன்னு நெனைச்சீங்க? உங்க மூஞ்சியப் பார்க்கவா?"

அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. மனைவி தூங்கினாள், அவளுக்கு முடிவு அப்போதே தெரிந்துவிட்டது போலிருக்கிறது. சிப்பிகாட் பஸ்ஸில் சரக்கு ஏற்றின நாளில் கண்டக்டர் என்னை அடையாளம் கண்டு, "லட்டு கிடையாதா சேட்?" என்றான். அடிக்கக் கை ஓங்கினேன். கையில் மூடி இருந்தது. கண்ணாடியை மட்டும் விட்டுவிட்டு வந்தோம்.

சிப்பிகாட் நிறுத்தத்தில் நாலு கம்பு நட்டு மேலே தார்ப்பாய் கட்டினோம். முதல் நாளே மழை பிடித்துக்கொண்டது. ஏழெட்டுப் பேர் ஓடிவந்து உள்ளே நின்றார்கள். சட்டியைத் தட்டினார்கள். கண் வானத்தில். அந்தப் பார்வை எனக்கு அத்துப்படி. ஓடிப்போய் அவர்களுக்கு முன்னால் நிற்க இங்கே இன்னொரு கடை இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல், கடைசியில் மூட்டையைப் பிரித்து, ஒளித்துவைத்திருந்த குடைகளை எடுத்துக் கம்பில் மாட்டினேன்.

ஒருவர் வாங்கி விரித்துக்கொண்டு போனார். அடுத்தவர். அடுத்தவர். கையில் காசு சேரச் சேரக் கடை காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியாகக் குடை வாங்கினவர் காலை வெளியே வைத்ததும் பழைய பயம் வாயைத் திறந்துவிட்டது.

"இருங்க அண்ணே, மழை விடட்டும்!"

அவர் திரும்பி, குடையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"கையில குடை இருக்கே, எதுக்குய்யா நிக்கணும்?"