மெழுகுத் தொட்டியில் ஏற்றிய பத்து டிகிரி

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். நாரணாபுரம் பக்கம் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்கச் சேர்ந்து, குச்சியை உருகிய மெழுகில் முக்கும் தொட்டிக்கு ஃபோர்மேன் ஆனேன். யார் சிபாரிசும் கிடையாது. எங்கள் பழைய மிஷினின் முள் ஃபாரன்ஹீட்டில் ஓடும். மெழுகு சப்ளை செய்பவரோ செல்சியஸில்தான் பேசுவார். செல்சியஸை இரட்டித்து, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, முப்பத்திரண்டைக் கூட்ட வேண்டும். தொட்டி வழக்கமாக ஓடும் நூற்றுப்பத்துக்கு முள்ளில் இருநூற்று முப்பது. அடுத்தவர் ஃபோனை எடுப்பதற்குள் நான் விடை சொல்லிவிடுவேன்.

தனம் பிளஸ் டூ படித்தவள். எனக்கு வெகுகாலம் பின்னால் அதே தொட்டி வேலைக்கு வந்தவள். புது மிஷின் ஒன்று வரப்போகிறது, அதன் பொறுப்பு எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் என்று பேச்சு அடிபட்டதிலிருந்து, முதலாளி அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

ஐப்பசி மழையில் குச்சியெல்லாம் நமத்துக் கிடந்தது. உரசினால் தலை மட்டும் எரிந்து அணைகிறது என்று கடைக்காரர்கள் புகார் சொன்னார்கள். மெழுகு சரியாக ஊறவில்லை, இன்னும் பத்து டிகிரி ஏற்றுங்கள் என்றார் சப்ளைக்காரர்.

"பத்துக்கு நம்ம முள்ளுல எம்புட்டு?" என்று முதலாளி கேட்டார்.

"அம்பது, அண்ணாச்சி" என்றேன்.

அவர் ஃபோனில் தட்டிப் பார்த்தார். அதுவும் ஐம்பது என்றது. நான் தனத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு கேஸைக் கூட்டினேன்.

முள் இருநூற்று எழுபதைத் தாண்டியதும் ஈரக் குச்சி பட்டு மெழுகு நுரைத்துத் தொட்டி விளிம்புக்கு வந்தது. கீழே பர்னர். வழிந்திருந்தால் ஷெட்டே மிஞ்சியிருக்காது. என் கை போவதற்குள் தனம் ஓடிவந்து வால்வை அடைத்தாள்.

ஃபோனே ஐம்பது என்கிறதே, ஏன் அடைத்தாய் என்று முதலாளி சத்தம் போட்டார்.

"சைபர் டிகிரி ஏத்துன்னு சொல்லியிருந்தா முப்பத்திரெண்டு ஏத்தியிருப்பீகளா, அண்ணாச்சி?"

அவர் ஃபோனைச் சட்டைப் பையில் போட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஒங்க கணக்கு சரிதான், அண்ணே. அது முள்ளு எங்கன நிக்குதுன்னு சொல்ற கணக்கு. எம்புட்டு ஏறணும்னு கேட்டா முப்பத்திரெண்டைச் சேக்கக் கூடாது. பதினெட்டு ஏத்துனாப் போதும்."

தப்பு என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நாலு பேர் முன்னால் சரி என்று சொல்லி என்னை உட்கார வைத்துவிட்டாள். இருநூற்று நாற்பத்தெட்டில் நிறுத்தி முக்கினோம். குச்சி விரல் சுடும்வரை நின்று எரிந்தது. புது மிஷின் அவளுக்குப் போனது. அதன் முள் செல்சியஸில் ஓடுவதால் அங்கே என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை.

தொழிலுக்கு வருகிறவர்கள் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். முள் நிற்கும் இடத்தை மாற்றிச் சொல்லும்போது முப்பத்திரண்டைக் கூட்டுங்கள். ஏற்ற இறக்கத்தை மாற்றும்போது கூட்டாதீர்கள். இதை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால் தனம் என்று சொல்ல இன்றும் எனக்கு வாய் வராது. எழுத்தில்தான் வந்தது.