பிலோ அக்காவின் ஸ்கூட்டி நின்ற வீடுகள்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்காக நின்றபோது பிலோ அக்காவின் கணவர் அந்தோனி அண்ணையின் அழைப்பு வந்தது. பிள்ளைகளை நிறுக்கும் தராசு என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. "தங்கச்சி, பிலோ விடியக் கண்ணை மூடிப்போட்டாள்" என்றார். படகுக்காரர் ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார். அக்கரையில் தாய்மார் பிள்ளைகளோடு காத்திருப்பார்கள் என்பதால் ஏறினேன். அன்று எந்தப் பிள்ளையை நிறுத்தேன், அட்டையில் என்ன எழுதினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

கரம்பொன் பிலோமினா மிஸியைத் தீவுப் பக்கத்தில் அறியாத தாய்மார் குறைவு. குடும்பநல உத்தியோகத்தராக, பிரசவம் பார்க்கும் மிஸியாக, அவர் வேலைக்கு வந்த காலத்தில் கையில் ஏந்திய பிள்ளைகள் சிலர், பின்னாளில் தங்கள் பிள்ளைகளை அவரிடம் தூக்கி வந்தார்கள். ஓய்வுபெற இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. அதே வேலையில் நான் புங்குடுதீவின் மேற்குப் பாதிக்கும் நயினாதீவுக்கும் பொறுப்பு. புங்குடுதீவின் மற்றப் பாதியான மடத்துவெளிப் பக்கத்துக்கு ஆள் போடாததால் அதையும் அவர்தான் கரம்பொன்னிலிருந்து வந்து பார்த்தார். தன் ஊர் வேலையை முடித்துவிட்டு வேலணை கடந்து, கடலை ஊடறுத்துப் போகும் அந்த நீண்ட பாலத்தால் வந்து திரும்பினால், ஒரு நாளுக்கு அறுபது கிலோமீற்றர் ஆகிவிடும்.

பெற்றோலுக்கு வரிசையில் நின்று நாடே களைத்த வருடம் அது. என் மோட்டார் சைக்கிளும் பிலோ அக்காவுடையதும் வீட்டில் நின்றன, நான் சைக்கிள் மிதித்தேன். பிலோ அக்காவுக்கு முழங்கால் நோவு. அவரால் அவ்வளவு தூரம் மிதிக்க முடியாது. அந்தோனி அண்ணை யாழ்ப்பாணத்துக்குப் போய் ஒரு மின்சார ஸ்கூட்டியை வாங்கி வந்தார். வெளிறிய நீல நிறம். பார்த்தவர்கள் விளையாட்டுச் சாமான் என்று சிரித்தார்கள். ஒருதரம் சார்ஜ் ஏற்றினால் எண்பது கிலோமீற்றர் ஓடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

முதற் கிழமையே அது பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. சோளகக் காற்று முகத்தில் அறைந்துகொண்டிருந்த பின்னேரம். வேலணையில் நடந்த கூட்டத்துக்குப் போய் நான் சைக்கிளில் திரும்பி வந்தபோது, வெள்ளைச் சீருடையில் ஒருவர் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. கிட்ட வந்ததும் இறங்கினேன். இருவரும் காற்றுக்கு எதிராக நடந்தோம். அவருக்கு மூச்சு வாங்கியது.

"கடைக்காரனைப் பிடிச்சுக் கேக்க வேணும் அக்கா" என்றேன்.

"அவர் பொய் சொல்லேல்லை, தேவி. அவர் கடைக்குள்ளை இருந்து சொன்னவர். சோளகத்துக்கு அது தெரியாது."

மறுநாளே அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ ஒரு பழைய கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினார். காற்றுக்கு எதிரே போனால் எவ்வளவு தூரம், காற்றோடு திரும்பினால் எவ்வளவு தூரம், தடுப்பூசிப் பெட்டி பின்னால் இருந்தால் எவ்வளவு குறைகிறது, எந்த வேகத்தில் போனால் வீடு வந்து சேரலாம் என்று எல்லாவற்றையும் தானே ஓடிப் பார்த்து எழுதினார். இரண்டு மாதத்தில் அந்த ஸ்கூட்டியைப் பற்றி அதைச் செய்தவருக்குத் தெரிந்ததைவிட அவருக்குக் கூடுதலாகத் தெரிந்திருந்தது.

உப்புக் காற்று இரும்பை விட்டுவைக்காது. அவரைப் பார்த்து அதே ஸ்கூட்டியை வாங்கிய மூன்று பேருடையதும் ஒரு வருடத்துக்குள் வயர் கறுத்து, பிறேக் இறுகி மூலையில் சாய்ந்தன. பிலோ அக்காவுடையது ஓடியது. படகு எஞ்சினோடு வாழ்ந்த அந்தோனி அண்ணை, "எஞ்சினுக்குச் செய்யிறதைத்தான் இதுக்கும் செய்ய வேணும்" என்று சொல்லிக் கொடுத்தாராம். வேலை முடிந்து வந்ததும் பிலோ அக்கா சீருடையைக்கூட மாற்றாமல், அரை வாளி நல்ல தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு மூலையாகத் துடைப்பார். கம்பி பொருந்தும் இடங்களில் கிறீஸ் பூசுவார். நல்ல தண்ணீர் தீவில் எவ்வளவு அருமை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அரை வாளியைத் தன் குளிப்பில் குறைத்துக்கொண்டதாக அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. அவரோடு ஒருநாள் தங்கியபோதுதான் நம்பினேன்.

மூன்றாம் வருடம் பற்றரி முதுமையடைந்தது. காற்றே இல்லாத நாளிலும் ஒரே ஓட்டத்தில் போய்த் திரும்ப முடியவில்லை. மடத்துவெளியில் ஏதாவது ஒரு வீட்டில் சார்ஜரைச் செருகிவிட்டு ஒன்றரை மணித்தியாலம் இருந்தாக வேண்டும். முதலில் அது அவருக்குப் பெரிய கூச்சமாக இருந்தது. பிறகு வீடுகளே அவரைக் கூப்பிடத் தொடங்கின.

அப்படி இருந்த வீடுகளில் ஒன்று வதனியுடையது. முதற் பிள்ளை பிறந்து ஐந்து கிழமை. கணவன் கொழும்பில் வேலை. பிள்ளையின் நிறை சரி, தொப்புள் சரி, தாய்ப்பால் சரி. "சுகமாய் இருக்கிறீரே?" என்று போன இரண்டு தடவையும் கேட்டதற்கு, "ஓம் மிஸி, சுகம்" என்று பதில் வந்திருந்தது. அட்டையில் எழுதவேண்டியது எல்லாம் எழுதி முடிந்துவிட்டது. ஸ்கூட்டி மட்டும் விறாந்தையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. வதனி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். ஒரு மணித்தியாலம் கழிந்த பிறகு வதனி வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மிஸி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணத்தடிக்குப் போகப் பயமாக் கிடக்கு. என்னிலைதான் பயம்."

இதைப் பிலோ அக்காதான் பிறகு எனக்குச் சொன்னார். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "வேறை தாய்மாருக்கும் இப்பிடி வாறது, பிள்ளை. இதுக்கு மருந்து இருக்கு. நீர் சொன்னது நல்லது" என்றாராம். சார்ஜ் நிரம்பியும் எழும்பவில்லை. வேலணையிலிருந்து வதனியின் தாய் வந்து சேரும்வரை இருந்தார். மறுநாள் யாழ்ப்பாணத்தில் வைத்தியரிடம் தானே கூட்டிப் போனார். அந்தப் பிள்ளை இப்போது முற்றமெல்லாம் ஓடித் திரிகிறது. கரம்பொன் சேமக்காலையில் பிலோ அக்காவை அடக்கம் செய்த அன்று வதனியும் வந்திருந்தாள். இதை எழுதுவதற்கு அவளிடம் கேட்டேன். "பேரையும் எழுதுங்கோ அக்கா, வேறை ஆராவது வாசிச்சால் வாய் திறப்பினம்" என்றாள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பிலோ அக்கா என்னிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்லவேண்டும். "பெற்றோல் மோட்டார் சைக்கிளிலை வந்த காலத்திலை பத்து நிமிசத்திலை கேட்டு எழுதிப்போட்டு ஓடினனான். எத்தினை வீட்டிலை என்னென்னத்தைக் கேக்காமல் வந்தனோ தெரியாது."

அடுத்த வருடம் பிரான்சிலிருந்த பிலோ அக்காவின் தங்கை புதுப் பற்றரி ஒன்றுக்கு வழி செய்தார். பழையதைவிட எடை குறைவு, ஓடும் தூரமும் கூடுதல். இப்போது சோளகத்திலும் அவரால் நிற்காமல் போய்த் திரும்ப முடிந்தது. ஆனாலும் சார்ஜரைப் பையில் வைத்துக்கொண்டுதான் வந்தார். "இனி ஏன் அக்கா அதைச் சுமக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"சும்மா போய் இருந்தால், மிஸி ஏன் இவ்வளவு நேரம் இருக்கிறா, பிள்ளைக்கு ஏதும் வருத்தமோ எண்டு வீடு பயப்படும். சார்ஜ் ஏறுமட்டும் இருக்கிறன் எண்டால் ஒருத்தரும் ஒண்டும் நினைக்கமாட்டினம்."

போன வருடம் என் அண்ணா இலண்டனில் இறந்தார். எனக்கிருந்த ஒரே சகோதரம். விசா கிடைக்கவில்லை. இறுதிச் சடங்கைத் தொலைபேசியில் பார்த்தேன். பெட்டியை மூடும் நேரம் படம் நின்றுவிட்டது, திரும்ப வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஊரிலுள்ளவர்கள் வந்து துக்கம் கேட்டுப் போனார்கள். நான்காம் நாள் பின்னேரம் பிலோ அக்கா வந்தார்.

"தேவி, பற்றரி இறங்கிப்போச்சு. இதிலை ஒருக்காச் செருகட்டே?"

செருகிவிட்டு விறாந்தைக் கதிரையில் இருந்தார். அண்ணாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் சொல்லத் தொடங்கினேன். அண்ணா எனக்குச் சைக்கிள் பழக்கியதில் தொடங்கி, மூடக் காணாத அந்தப் பெட்டி வரைக்கும் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. நாலு நாளாக வராத அழுகை. அவர் என் முதுகில் கையை வைத்தபடி இருந்தார். பிறகு எழும்பிக் குசினிக்குள் போய்க் கஞ்சி வைத்தார். அந்த நேரம் வெயில் ஸ்கூட்டியின் மேல் விழத் தொடங்கியதால் அதை நிழலுக்கு நகர்த்த எண்ணித் துவாரத்தில் செருகிக் கிடந்த திறப்பைத் திருப்பினேன். திரையில் சார்ஜ் நிறைந்திருந்தது. இவ்வளவு நேரத்தில் ஏறியிருக்கும் என்று நினைத்திருப்பேன். ஆனால் சுவரிலிருந்த சுவிச்சைப் பார்த்தேன். அது போடப்படவே இல்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சுவிச்சையும் போடவில்லை. கஞ்சியைக் குடித்தேன். "நீர் இரண்டாம் கோப்பையும் குடிச்சால்தான் நான் போவன்" என்றார். குடித்தேன். பொழுது சாய முன்னர் வயரைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, "இவ்வளவு சார்ஜ் காணும், போய்ச் சேருவன்" என்று புறப்பட்டார்.

வருத்தத்தில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவரைக் கடைசியாகப் பார்த்தபோது, அந்தச் சுவிச்சைப் பற்றிச் சொல்லிவிட நினைத்தேன். அவர் களைத்திருந்தார். மடத்துவெளியில் யார் யாருக்கு இந்த மாதம் பிறக்க இருக்கிறது என்று விரல் மடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. அடுத்த முறை சொல்லலாம் என்று வந்தேன்.

இப்போது மடத்துவெளி என்னிடம் வந்திருக்கிறது. நான் பெற்றோல் மோட்டார் சைக்கிளில்தான் போகிறேன். ஒரு வீட்டில் நேரமெடுத்து இருப்பதற்கு அவருடைய சார்ஜர் போல என்னிடம் சாட்டு ஒன்றும் இல்லை. கதிரை போட்டால் இருக்கிறேன், தேத்தண்ணி தந்தால் ஆறவிட்டுக் குடிக்கிறேன். பாலத்தில் எதிரே ஒரு ஸ்கூட்டி வந்தால் இன்னும் மனம் ஒருமுறை ஏமாந்துபோகிறது. அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்த ஒரு பின்னேரம். அன்று எனக்கு எல்லாம் தெரியும் என்று அவருக்குச் சொல்லாமல் விட்ட சொல்லும் என்னிடம்தான் இருக்கிறது.