கார்புரேட்டர் போட்ட ரவிக்கை

இன்று ஆரணியில் பட்டுப்புடவை எடுத்தோம். "ரவிக்கைத் துணியைத் தனியா வெட்டித் தரட்டுங்களா?" என்றார் கடைக்காரர்.

மனைவி என்னைப் பார்த்தாள்.

எண்பதுகளில், எங்கள் அம்பாசிடருக்குப் புது மாடல் ஏர் ஃபில்டர் ஒன்றை வாசலில் வைத்து நானே மாட்டினேன். பழையதைக் கழற்றியதும், தூசி விழாமலிருக்க, இன்ஜினுக்குக் காற்று போகும் கார்புரேட்டர் வாயில் கைக்குக் கிடைத்த துணியை அடைத்தேன். அதை எடுக்க மறந்து புதியதை மாட்டிவிட்டேன்.

வண்டி கிளம்பவில்லை. தெருவே சேர்ந்து தள்ளியது. திருஷ்டி என்று எலுமிச்சம்பழம்கூட நசுக்கினோம்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து மனைவி கேட்டாள்: "ஏங்க, தேவிகாபுரம் கல்யாணத்துக்கு வெச்ச ரவிக்கைத் துணியைத் தேடிகினு இருக்கேன். பார்த்தீங்களா?"

இன்று கடைக்காரரிடம் சொன்னாள்: "ரெண்டு துண்டா வெட்டுங்க. ஒன்னு எனக்கு, ஒன்னு இவரு காருக்கு."

காரை விற்று முப்பது வருடமாகிறது. யாராவது அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.