கூட்டம் உள்ள கடை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை சாலையில் ஆள் நடமாட்டமே இல்லை. பாதி கம்பெனிகளில் இப்போது ஒரு ஷிப்டுதானாம். சாலையோரக் கடைகளில் கடைக்காரர்களைக்கூடக் காணோம். ஒரு போண்டா கடையில் மட்டும் ஏழெட்டுப் பேர் முண்டியடிக்கிறார்கள். கூட்டம் இருந்தால் ருசியும் இருக்கும் என்று பைக்கை நிறுத்துகிறேன்.

போண்டா என் கைக்கு வந்ததும் மொத்தக் கூட்டமும் நகர்ந்து பக்கத்து ஜூஸ் கடை முன்னால் போய் நிற்கிறது.

“என்னக்கா, யாருமே வாங்கலையே?” என்கிறேன் கடைக்கார அக்காவிடம்.

“அவங்கல்லாம் பக்கத்துக் கடைக்காரங்க சார். காலியா கெடக்குற கடையில எவன் வண்டிய நிறுத்துறான்? அதான் மாத்தி மாத்தி நின்னுக்கினு இருக்கோம்.”

ஏமாந்த கோபத்தில் போண்டாவைக் கடிக்கிறேன். அது அருமையாக இருப்பதுதான் இன்னும் எரிச்சல்.

அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு ஜூஸ் கடைக்குக் கிளம்புகிறார். “துன்னுக்கினே நீயும் வா சார். ஹெல்மெட்டோட நின்னா அசல் கஸ்டமர் மாதிரியே இருக்கும்.”

போய் நிற்கிறேன். தூரத்தில் ஒரு லாரி வேகத்தைக் குறைக்கிறது. எல்லோருக்கும் முன்னால் நான்தான் கத்துகிறேன்:

“அண்ணே, எனக்கு முதல்ல குடுங்க!”