மெல்லத் தட்டிய பந்து

கோவை பீளமேட்டில் வீடியோ கேம் செய்யும் ஓர் அலுவலகத்துக்கு, திரையில் வரும் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தரப் போயிருந்தேன். புதன் முதல் வெள்ளி வரை மூன்று நாள் வேலை. கையில் பிடித்த ரிமோட்டை வீசினால் திரையில் இறகுப்பந்து பறக்கும். அதைச் சோதித்துப் பார்ப்பவர்களில் நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர், கல்லூரி இறகுப்பந்து அணிக்கு ஆடியவர். மற்றவர்கள் சோபாவில் சாய்ந்து மணிக்கட்டை ஆட்டுவார்கள். அவர் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டி, கால் எடுத்து வைத்துத்தான் ஆடுவார்.

பந்தை மெல்லத் தட்டி வலையோரம் விழவைப்பது அவருடைய அடி. அந்த மெதுவான அசைவு ரிமோட்டுக்குத் தெரியவே இல்லை. ஒவ்வொரு முறையும் புள்ளியை இழந்தார். அன்றைய சோதனை அறிக்கையில், விளையாட்டு 'தேறவில்லை' என்று எழுதினார்.

வியாழக்கிழமை மேலாளர் வந்து நின்றார்.

"ஏனுங்க மேடம், வேகமா வீசுனா அடிக்குதுல்லீங்க? ஆடறவங்களுக்கு ஜெயிச்சாப் போதுமுங்க. தேறுச்சுன்னு எழுதிக் குடுங்க. இல்லீன்னா நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கறமுங்க."

"பாத்துக்கோங்க தம்பி. இல்லாட்டி கொசு அடிக்கற பேட் விளையாட்டுன்னு பேர மாத்துங்க, இப்பவே கையெழுத்துப் போட்டுத் தாரனுங்க."

அன்றும் 'தேறவில்லை' என்றே எழுதினார். வெள்ளிக்கிழமை அவர் இடத்தில் வேறொருவர் இருந்தார்.

அந்த விளையாட்டு இப்போது என் வீட்டிலும் இருக்கிறது. உட்கார்ந்தபடி கையை ஆட்டியே ஜெயிக்கிறேன், சந்தோஷமாகத்தான் இருக்கிறது. நேற்று எழுந்து நின்று, பந்தை மெல்லத் தட்டிப் பார்த்தேன். புள்ளி போயிற்று. மறுபடியும் அப்படியே தட்டினேன்.